பழைய ஆன்டிவைரஸ்: கீயை மட்டும் மாற்றலாமா, ஆளையே மாற்றலாமா?

திரையின் வலது கீழ் மூலையில் சிவப்பு நிறத்தில் ஒரு பெட்டி எழும்பி, 'லைசென்ஸ் முடிய இன்னும் 3 நாள்' என்கிறது. சிலர் அதை மூடிவிட்டு வேலையைத் தொடர்வார்கள். முடிந்து முந்நூறு நாள் ஆன பிறகும் மூடிக்கொண்டே இருப்பார்கள். சிலர் உடனே கம்ப்யூட்டர் கடைக்குப் போன் போட்டுப் புது கீ வாங்கிவிடுவார்கள். வருடா வருடம் தவறாமல் கீ வாங்கியும், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேரில் மாட்டியவர்கள் உண்டு. ஐந்து வருடமாக ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல் நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. இதில் பிராண்டின் பங்கு நினைப்பதைவிடக் குறைவு. அந்தக் கம்ப்யூட்டரில் எது பழசாகிக் கிடந்தது என்பதுதான் பெரும்பாலும் விஷயத்தை முடிவு செய்திருக்கும்.

ஏனென்றால் பழசாகக்கூடியவை மூன்று: லைசென்ஸ், ஆன்டிவைரஸ் புரோகிராம், அதற்கு அடியில் ஓடும் வின்டோஸ். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. கடைக்காரர் விற்பது முதல் ஒன்றுக்கான மருந்தை மட்டும்.

லைசென்ஸ் முடிந்துபோனால் தினமும் வரும் வைரஸ் பட்டியல், அதாவது டெஃபினிஷன், நின்றுபோகும். ஐகான் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருக்கும், ஸ்கேன் பட்டனும் வேலை செய்யும்; ஆனால் போன மாதம் பிறந்த வைரஸ் அதற்குத் தெரியாது. புரோகிராம் பழசாவது வேறு கதை. லைசென்ஸ் உயிரோடு இருக்கும், டெஃபினிஷனும் இன்றைய தேதியைக் காட்டும், உள்ளே இருக்கும் எஞ்சின் மட்டும் ஆறு வருடத்துக்கு முந்தையது. டெஃபினிஷன் என்பது போலீஸ் ஸ்டேஷனில் ஒட்டியிருக்கும் போட்டோக்கள் மாதிரி. எஞ்சின் என்பது அந்தப் போட்டோவைப் பார்த்து ஆளைப் பிடிக்கும் ஏட்டு. இன்றைய வைரஸ்களில் பல, கோப்பாக வட்டில் வந்து உட்காருவதே இல்லை. வின்டோஸிலேயே இருக்கும் பவர்ஷெல் என்ற கருவிக்கான கட்டளை வரிகளாக, அதாவது ஸ்கிரிப்டாக, மெமரியிலேயே ஓடி முடிந்துவிடும். வின்டோஸ் 10 வந்தபோது, ஓடப்போகும் ஸ்கிரிப்டை ஆன்டிவைரஸிடம் காட்டி அனுமதி கேட்க ஆம்சி என்ற வழியை மைக்ரோசாஃப்ட் திறந்தது. அந்த வழியைப் பயன்படுத்தத் தெரியாத பழைய எஞ்சினிடம் எத்தனை புதிய போட்டோ கொடுத்தாலும் பயனில்லை.

எது பழசு என்று கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். ஆன்டிவைரஸைத் திறந்து 'அபவுட்' பகுதிக்குப் போங்கள். புரோகிராமின் வெர்ஷன் எண், வைரஸ் டேட்டாபேஸின் தேதி, லைசென்ஸ் முடியும் தேதி மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். வெர்ஷன் எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் இப்போது டவுன்லோடுக்கு இருப்பதோடு ஒப்பிடுங்கள். பிறகு வின்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, வரும் கட்டத்தில் 'வின்வெர்' (winver) என்று ஆங்கிலத்தில் தட்டினால் வின்டோஸின் வயது தெரிந்துவிடும்.

அதற்கும் முன்னால் ஒன்று. அந்தச் சிவப்புப் பெட்டி உண்மையிலேயே உங்கள் ஆன்டிவைரஸ் அனுப்பியதுதானா? பெட்டிக்குள் குரோம் அல்லது எட்ஜின் பெயரும், அதன் பக்கத்தில் கேள்விப்படாத ஒரு தள முகவரியும் இருந்தால் அது மோசடி. என்றோ ஒரு நாள் படம் பார்க்கப் போன தளத்தில் 'அலோ' என்று அழுத்தியதன் பலன். குரோம் செட்டிங்ஸில் சைட் செட்டிங்ஸ், அதற்குள் நோட்டிஃபிகேஷன்ஸ் போய் அந்தத் தளத்தை நீக்கினால் பெட்டி நின்றுவிடும். பயன்படுத்தாத பிராண்டின் பெயரில் 'காலாவதி' என்று வந்தால் யோசிக்கவே வேண்டாம்.

கீ மட்டும் புதுப்பிப்பது

வெர்ஷன் புதியது, வின்டோஸுக்கும் அப்டேட் வந்துகொண்டிருக்கிறது, லைசென்ஸ் மட்டும் முடிகிறது என்றால் இதுவே போதும். ஆனால் சென்னையின் கம்ப்யூட்டர் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ ஆன்லைனிலோ வாங்கும்போது சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

பெட்டியில் அச்சான வருடத்தைப் பார்த்து ஏமாறவோ பயப்படவோ தேவையில்லை. பெரும்பாலான நிறுவனங்களின் கீ அன்றைய தேதிக்குப் புதிய வெர்ஷனையே திறக்கும். பெட்டிக்குள் சிடி இருந்தால் அதை ஓரமாக வையுங்கள். அதில் இருப்பது பெட்டி கட்டிய நாளின் வெர்ஷன். நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கி, கீயை மட்டும் போடுங்கள். நாள் கணக்கு பொதுவாக ஆக்டிவேட் செய்த நாளிலிருந்து ஓடும், வாங்கிய நாளிலிருந்து அல்ல. பழைய லைசென்ஸில் இன்னும் நாற்பது நாள் இருந்தால், வாங்கப்போவது ரினியூவல் கீயா புது கீயா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ரினியூவல் கீ மிச்ச நாளையும் சேர்த்துக்கொள்ளும். புது கீ போட்டால் அந்த நாற்பது நாள் போய்விடலாம்.

சந்தை விலையைவிடப் பாதிக்கும் கீழே வாட்ஸ்அப்பில் வரும் கீ, பெரும்பாலும் பல பேருக்கான ஒரு லைசென்ஸைப் பிரித்து விற்பது. ஆறாவது மாதம் அது முடக்கப்பட்டால் கேட்க ஆள் இருக்காது. பில்லோடு வாங்குங்கள்.

கார்டு கொடுத்து நேராக வாங்கினால் ஆட்டோ ரினியூவல் இயல்பாகவே ஆன் ஆகியிருக்கும். முதல் வருடத்துக்குத் தள்ளுபடி, இரண்டாவது வருடத்துக்கு முழு விலை என்பது இந்தத் தொழிலின் பழைய பழக்கம். ரிசர்வ் வங்கி விதிப்படி, தானாகப் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே வங்கி செய்தி அனுப்ப வேண்டும், வேண்டாம் என்று நிறுத்தவும் வழி தர வேண்டும். அந்த எஸ்எம்எஸ் வந்தவுடன் கடை விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வித்தியாசம் புரிந்துவிடும்.

அதே நிறுவனத்தின் புதிய வெர்ஷன்

லைசென்ஸ் உயிரோடு இருந்தால் இதற்குப் பெரும்பாலும் தனிக் காசு கிடையாது. இருந்தும் பலர் செய்வதில்லை. 'நல்லாத்தான ஓடுது, எதுக்குக் கைய வைக்கணும்' என்ற தயக்கம். மற்ற சாஃப்ட்வேர்களுக்கு அந்தத் தயக்கம் பொருந்தலாம், ஆன்டிவைரஸுக்குப் பொருந்தாது. அது வின்டோஸின் அடிமட்டத்தில், எல்லாக் கோப்பையும் திறந்து பார்க்கும் அதிகாரத்தோடு ஓடுகிறது. அதில் ஓட்டை இருந்தால் திருடனுக்கு அதே அதிகாரம் கிடைக்கும்.

இது நடந்திருக்கிறது. 2016இல், மென்பொருள் ஓட்டைகளைத் தேடும் கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழு, சைமன்டெக், நார்ட்டன் தயாரிப்புகளில் கடுமையான ஓட்டைகளைக் கண்டுபிடித்தது. சுருக்கப்பட்ட கோப்பை எஞ்சின் பிரித்துப் பார்க்கும் வேலையிலேயே ஓட்டை. பயனர் கிளிக் செய்யக்கூட வேண்டாம், மெயில் வந்து சேர்ந்தாலே போதும். அடுத்த வருடம், வின்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் எஞ்சினிலும் அதே வகை ஓட்டை வெளிப்பட்டு, சில நாளில் அடைக்கப்பட்டது. அவாஸ்ட் ஆன்டிவைரஸின் ஒரு பழைய டிரைவரை, அதாவது வின்டோஸின் அடிமட்டத்தில் ஓடும் துணை நிரலை, ரான்சம்வேர் கும்பல்கள் தாங்களே கொண்டுவந்து நிறுவி, மற்ற ஆன்டிவைரஸ்களைக் கொல்லும் கத்தியாகப் பயன்படுத்தின. அந்த டிரைவர் அசல் கையெழுத்தோடு இருந்ததால் வின்டோஸ் அதை உள்ளே விட்டது.

இந்தியாவில் இன்னும் நெருக்கமான உதாரணம் உண்டு. இஸ்கேன் ஆன்டிவைரஸ் தன் அப்டேட்டை மறையாக்கம் இல்லாத இணைப்பு வழியாக இறக்கிக்கொண்டிருந்தது. நடுவழியில் உட்கார்ந்தவர்கள் அப்டேட் பொட்டலத்தையே மாற்றி, குப்டிமைனர் என்ற மால்வேரை உள்ளே அனுப்பினார்கள். 2023 ஜூலை இறுதியில் நிறுவனம் அதைச் சரிசெய்தது. 2024 ஏப்ரலில் இந்த விவகாரத்தை வெளியிட்ட அவாஸ்ட், அதன் பிறகும் புதிய தொற்றுகள் தெரிவதாகவும், பழைய வெர்ஷனிலேயே நின்றுபோன கணினிகள் காரணமாக இருக்கலாம் என்றும் எழுதியது. டெஃபினிஷன் மட்டும் அப்டேட் ஆனால் போதும் என்று இருந்தவர்களுக்கு, அந்த அப்டேட் வரும் குழாயிலேயே விஷம்.

பழைய ஆன்டிவைரஸ் வின்டோஸின் அப்டேட்டையும் தடுக்கும். 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற பிராசஸர் ஓட்டைகளுக்கான பேட்ச், அதாவது ஓட்டையை அடைக்கும் அப்டேட், வந்தபோது, ஒத்துப்போகாத ஆன்டிவைரஸ் இருந்த கணினிகள் நீலத்திரையில் விழுந்தன. அதனால், 'நான் தயார்' என்று வின்டோஸின் செட்டிங்ஸ் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் ஒரு குறி வைக்காத ஆன்டிவைரஸ் இருந்தால் அந்த அப்டேட்டையே தர மாட்டோம் என்று மைக்ரோசாஃப்ட் நிறுத்திவைத்தது. பாதுகாப்புக்காகப் போட்டதே பாதுகாப்பை வாசலில் நிறுத்தியது.

செய்யும் முறையில் ஒரு எச்சரிக்கை. நாலைந்து தலைமுறை பழைய வெர்ஷன் மேலேயே புதியதை ஏற்றினால், பழைய டிரைவர்கள் தங்கிவிடலாம். அதைவிட மோசம், 'இதையெல்லாம் ஸ்கேன் செய்யாதே' என்று விலக்கிவைத்த பழைய எக்ஸ்குளூஷன் பட்டியல் அப்படியே புதியதற்கு வந்துவிடுவது. ஏதோ கிராக் சாஃப்ட்வேர் ஓட வேண்டும் என்பதற்காக டவுன்லோட்ஸ் ஃபோல்டரையோ முழு டி டிரைவையோ யாராவது எப்போதோ விலக்கி வைத்திருப்பார்கள். புது ஆன்டிவைரஸும் அந்த இடத்தைத் திரும்பிப் பார்க்காது. ஆகவே கழற்றி, சுத்தம் செய்து, புதிதாகப் போடுவதே நல்லது. அதன் வரிசை கீழே வருகிறது.

வின்டோஸோடு வரும் டிஃபெண்டர்

'கூடவே வர்றது எப்படி நல்லா இருக்கும்' என்ற எண்ணம் வின்டோஸ் 7 காலத்தில் நியாயமானது. அதில் டிஃபெண்டர் என்ற பெயரில் இருந்தது ஸ்பைவேரை மட்டும் பார்க்கும் சின்ன நிரல். வின்டோஸ் 8இலிருந்து அது முழு ஆன்டிவைரஸ். ஜெர்மனியின் மாக்டபெர்க்கில் இருக்கும் ஏவி-டெஸ்ட் நிறுவனம் பாதுகாப்பு, வேகம், பயன்பாடு மூன்றுக்கும் தலா 6 என மொத்தம் 18 புள்ளிக்கு மதிப்பிடுகிறது. டிஃபெண்டர் சில வருடங்களாகவே காசு கொடுத்து வாங்குபவற்றோடு தோளோடு தோள் நிற்கிறது.

இணைய இணைப்போடு வீட்டில் ஓடும் வின்டோஸ் 11 கணினிக்கு எங்கள் பரிந்துரை இதுதான்: கீ வாங்கும் காசைச் சேர்த்து ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள், டிஃபெண்டரை ஒழுங்காக ஆன் செய்யுங்கள். ஒழுங்காக என்பதில் கொஞ்சம் வேலை இருக்கிறது. ரான்சம்வேரிலிருந்து ஃபோல்டர்களைக் காக்கும் 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' இயல்பில் ஆஃப் ஆகவே இருக்கும். வின்டோஸ் செக்யூரிட்டியில் 'வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன்' பக்கத்தின் அடியில் ரான்சம்வேர் பகுதியில் அதை ஆன் செய்ய வேண்டும். டிஃபெண்டரின் செட்டிங்ஸை வேறு நிரல்கள் மாற்றாமல் காக்கும் 'டேம்பர் புரொடெக்‌ஷன்' ஆன் ஆக இருக்கிறதா என்றும் பாருங்கள். அது ஆஃப் ஆக இருந்தால் யாரோ, அல்லது ஏதோ, அதைத் தொட்டிருக்கிறது. 'ரெப்யூட்டேஷன்' பகுதியில், தேவையற்ற செயலிகளைத் தடுப்பதற்கான இரண்டு டிக்கும் இருக்கட்டும்.

டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேர் வைத்திருக்கும் கடைகள் இங்கே ஒரு இடத்தில் தடுக்கி விழும். கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ் தானாகக் காப்பது டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற சிலவற்றை மட்டும். டேலி டேட்டா பொதுவாக அந்தப் பட்டியலில் வராது. ஆன் செய்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பீர்கள். காக்க வேண்டிய கணக்கு வெளியே நிற்கும். டேலியின் செட்டிங்ஸில் டேட்டா எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று பார்த்து, அதை 'புரொடெக்டட் ஃபோல்டர்ஸ்' பட்டியலில் சேர்க்க வேண்டும். சேர்த்த கையோடு, அனுமதிக்கப்பட்ட ஆப் பட்டியலில் டேலியின் இஎக்ஸ்இ கோப்பையும் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் பில் போட்டு என்டர் அடிக்கும்போது எழுத முடியவில்லை என்று எரர் வரக்கூடும், ஊழியர் பதறிப்போய் மொத்தப் பாதுகாப்பையும் ஆஃப் செய்வார். பேக்கப் எடுக்கும் நிரலுக்கும் இதே அனுமதி வேண்டும்.

டிஃபெண்டரின் பலவீனம் இணையம் இல்லாத இடம். சந்தேகமான கோப்பை மைக்ரோசாஃப்டின் சர்வரிடம் கேட்டு முடிவெடுப்பதில்தான் அதன் பலம் பெரும்பகுதி இருக்கிறது. ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக்கில் இருக்கும் ஏவி-கம்பேரட்டிவ்ஸ், இணைப்பைத் துண்டித்தும் சோதிக்கிறது. அந்தச் சோதனையில் டிஃபெண்டர் பல போட்டியாளர்களுக்குப் பின்னால் நிற்கும். இரண்டாவது பலவீனம், பிரச்சினை வந்தால் போன் எடுக்க ஆள் இல்லாதது. சிறு ஊர் அலுவலகத்துக்கு, பெயர் தெரிந்த டீலர் ஒருவர் இருப்பது ஏவி-டெஸ்ட் புள்ளியைவிடப் பெரிய விஷயம்.

வேறு நிறுவனத்துக்குத் தாவுவது

இதற்கு நியாயமான காரணங்கள் சிலவே. ஜெராக்ஸ் கடை, டிடிபி சென்டர், போட்டோ ஸ்டூடியோ போல நாள் முழுக்க யார் யாரோ பென்டிரைவ் செருகும் கணினி ஒன்று. மில் அல்லது குடோனில் இணையமே இல்லாமல் ஓடும் கணினி இன்னொன்று. பத்து கணினியை ஒரே திரையிலிருந்து பார்க்க வேண்டிய அலுவலகம் மூன்றாவது.

ஜெராக்ஸ் கடையை எடுத்துக்கொள்வோம். அங்கே சுற்றுவது பெரும்பாலும் ஷார்ட்கட் வைரஸ். பென்டிரைவில் இருக்கும் ஃபோல்டர்களை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட் கோப்புகளை வைக்கும். வாடிக்கையாளர் தன் ஃபோல்டர் என்று நினைத்து அதைத் திறந்தால், ஃபோல்டரும் திறக்கும், பின்னால் ஸ்கிரிப்டும் ஓடும். ஓடிய பிறகு அடுத்து வரும் ஒவ்வொரு பென்டிரைவிலும் ஏறும். ஆன்டிவைரஸ் அந்த ஷார்ட்கட்டை அழித்துவிடும், மறைந்த ஃபோல்டரைப் பெரும்பாலும் வெளியே கொண்டுவராது. 'உங்க ஆன்டிவைரஸ் என் ஃபைல அழிச்சிடுச்சு' என்று சண்டை வரும். ஃபைல் உள்ளேதான் இருக்கிறது. கமாண்ட் பிராம்ப்டில் ஆட்ரிப் (attrib) கட்டளையால் எச் (மறைவு), எஸ் (சிஸ்டம்), ஆர் (படிக்க மட்டும்) ஆகிய மூன்று குறிகளையும் கழற்றினால் தெரிந்துவிடும். எஸ் குறி இருக்கும்வரை, ப்ராப்பர்டீஸில் உள்ள 'ஹிடன்' டிக் சாம்பல் நிறத்தில் அசையாமல் இருக்கும் என்பதால்தான் பலர் அங்கேயே தோற்றுப்போகிறார்கள்.

இப்படிப்பட்ட கணினிக்கு, பென்டிரைவ் செருகியவுடனே ஸ்கேன் செய்யும் வசதியும், அதிலிருந்து எதுவும் ஓடாமல் தடுக்கும் கட்டுப்பாடும் உள்ளதைக் காசு கொடுத்து வாங்குவது சரி. சென்னையின் கே7, புனேயின் குயிக் ஹீல் இரண்டும் இந்த வகைத் தொல்லையில் பழம் தின்று கொட்டை போட்டவை. இணையம் இல்லாத கணினிக்கு வேறு கணினியில் இறக்கி எடுத்துப்போகும் ஆஃப்லைன் அப்டேட் கோப்பையும் தருகின்றன. அதை வாரம் ஒரு முறையாவது போட ஒரு ஆளைப் பொறுப்பாக்க வேண்டும். பொறுப்பாளர் இல்லையென்றால் எந்தப் பிராண்டும் ஒன்றுதான்.

காசு கொடுக்காத மூன்றாம் தரப்பு ஆன்டிவைரஸுக்குத் தாவ எங்களுக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை. டிஃபெண்டர் இலவசமாக இருக்கும்போது அது கூடுதலாகத் தருவது விளம்பரப் பெட்டிகள்தான். அவாஸ்ட் தன் பயனர்களின் உலாவல் விவரங்களை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்று, 2020 ஜனவரியில் அதை மூடியது. 2024இல் அமெரிக்க வர்த்தக ஆணையமான எஃப்டிசி அதற்காக 1.65 கோடி டாலர் கட்ட வைத்தது. அவாஸ்ட், ஏவிஜி, அவிரா, நார்ட்டன் நான்கும் இன்று ஜென் டிஜிட்டல் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதைப் பெரிய மாற்றமாக நினைக்க வேண்டாம்.

ஏற்கெனவே தொற்று இருக்கிறதோ என்ற சந்தேகத்தில் புதிதாக ஒன்றை வாங்க வேண்டியதில்லை. மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்தில் இலவசத் துப்புரவு நிரல்கள் இருக்கின்றன. டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேனும் நல்லது. வின்டோஸ் எழுந்திருக்கும் முன்பே ஓடுவதால் ஒளிந்திருப்பவை மாட்டும். சுமார் கால் மணி நேரம் ஆகும்.

வின்டோஸே பழசு என்றால்

இந்த வரிசையில் காசு அதிகம் வீணாவது இங்கேதான். வின்டோஸ் 7க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14 அன்று ஆதரவை நிறுத்தியது. அதற்கான கடைசிக் குரோம் 109. அதன் பிறகு வந்த எந்தக் குரோமும் அதில் ஏறாது. உள்ளே வரும் வாசல் பிரவுசர், அது பழசு. வாசலைத் தாண்டினால் வின்டோஸ், அதுவும் பழசு. நடுவில் மூன்று வருட லைசென்ஸோடு ஒரு காவலாளியை நிறுத்துவதற்குக் கொடுக்கும் பணம் வேறு எதற்காவது உதவும்.

ஆன்டிவைரஸ் வின்டோஸ் பேட்ச்சின் வேலையைச் செய்யாது என்பதை 2017 மே 12 அன்று வான்னாகிரை என்ற ரான்சம்வேர் காட்டியது. அது நுழைந்த ஓட்டைக்கு மார்ச் 14 அன்றே பேட்ச் வந்திருந்தது. இரண்டு மாதம் அப்டேட் செய்யாமல் இருந்த கணினிகளுக்குள், யாரும் எதையும் கிளிக் செய்யாமலே நெட்வொர்க் வழியாக அது ஏறியது.

வின்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் ஒரு பச்சை டிக்கைப் பார்த்து ஏமாறக்கூடும். 2025 அக்டோபர் 14 அன்று அதன் இலவச ஆதரவு முடிந்தது. ஆனால் டிஃபெண்டரின் டெஃபினிஷன் 2028 அக்டோபர் வரை அதற்கு வரும். ஆகவே வின்டோஸ் செக்யூரிட்டி பச்சையாகவே சிரிக்கும், அடியில் இருக்கும் ஓட்டைகள் அடைபடாது. வீட்டுக் கணினிகளுக்கு இஎஸ்யூ என்ற நீட்டிப்புத் திட்டத்தில் 2026 அக்டோபர் 13 வரை பேட்ச் உண்டு. வெர்ஷன் 22எச்2 ஆக இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும். செட்டிங்ஸை அந்தக் கணக்கோடு ஒத்திசைத்தால் இலவசம்; இல்லையென்றால் 1,000 ரிவார்ட்ஸ் புள்ளி அல்லது 30 டாலர். விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேர்வதற்கான இணைப்பு இருக்கும்.

வின்டோஸ் 11க்குப் போக இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறை அல்லது அதற்கு மேல், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப், 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம் என்பது குறைந்தபட்சம். 4 ஜிபி என்பது பேப்பரில்தான். 8 இல்லாமல் போகாதீர்கள். 'ஆன்டிவைரஸ் போட்டதுலேர்ந்து ஸ்லோ' என்ற புகாரில் பெரும்பாலும் குற்றவாளி ஆன்டிவைரஸ் இல்லை, சுழலும் ஹார்ட் டிஸ்க். ஸ்கேன் என்பது ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளைத் திறந்து மூடுவது, ஹார்ட் டிஸ்க் மிக மோசமாகச் செய்யும் வேலை அதுதான். எஸ்எஸ்டி மாற்றினால் எந்த 'லைட்' ஆன்டிவைரஸும் தராத வேகம் வந்துவிடும்.

லேத் மெஷினோ, பழைய பிரின்டரோ, வேறெதிலும் ஓடாத சாஃப்ட்வேரோ இருப்பதால் வின்டோஸ் 7ஐ விட முடியாது என்றால், அந்தக் கணினியின் நெட் கேபிளைக் கழற்றிவிடுங்கள். கோப்பு கொண்டுபோக ஒரே ஒரு பென்டிரைவை ஒதுக்கி, அதை முதலில் புதிய கணினியில் ஸ்கேன் செய்து பிறகு செருகுங்கள்.

மாற்றும்போது கை வைக்கும் வரிசை

மாற்றுவது என்று முடிவானால் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மாலை கடை மூடும் நேரம் நல்லது. ஜிஎஸ்டி கடைசித் தேதியன்று தொடவே வேண்டாம்.

முதலில் டேட்டாவை எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் எடுத்து, டிஸ்க்கைப் பிடுங்கி வையுங்கள். பழைய கீயைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆட்டோ ரினியூவல் இருந்தால் நிறுத்துங்கள். நிரலை நீக்குவதால் சந்தா நிற்காது. பிடிபட்ட கோப்புகளை ஆன்டிவைரஸ் அடைத்துவைக்கும் குவாரன்டைனைத் திறந்து, தவறாகப் பிடிபட்ட உங்கள் கோப்பு ஏதாவது உள்ளே கிடக்கிறதா என்று பாருங்கள். நீக்கும்போது அதுவும் சேர்ந்து போய்விடலாம். புதியதன் இன்ஸ்டாலரையும், பழைய நிறுவனத்தின் ரிமூவல் டூலையும் முன்கூட்டியே இறக்கிவிடுங்கள்.

நெட்டைத் துண்டித்துவிட்டு, செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலிலிருந்து பழையதை நீக்கி ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு ரிமூவல் டூல்: மெக்காஃபிக்கு எம்சிபிஆர், அவாஸ்ட்டுக்கு அவாஸ்ட் கிளியர், ஈசெட்டுக்கு அதன் அன்இன்ஸ்டாலர் என்று பெரிய நிறுவனங்கள் பலவும் தனியாக வைத்திருக்கின்றன. சில டூல் சேஃப் மோடில்தான் முழு வேலை செய்யும். மறுபடி ரீஸ்டார்ட். இந்த நேரத்தில் டிஃபெண்டர் தானாக விழித்திருக்க வேண்டும். 'வேறு ஆன்டிவைரஸ் இயங்குகிறது' என்று அது இன்னும் தூங்கினால், பழையதன் வால் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். டூலை மீண்டும் ஓட்டுங்கள். இந்த இடத்தில் அவசரப்பட்டு அடுத்ததை ஏற்றினால், இரண்டு ஆன்டிவைரஸின் டிரைவர்களும் ஒரே கோப்பைத் திறக்க மோதிக்கொண்டு கணினி ஊரும், சில சமயம் உறையும்.

டிஃபெண்டரிலேயே நிற்பதானால் நெட்டைச் செருகி, வின்டோஸ் அப்டேட்டை முடித்து, மேலே சொன்ன செட்டிங்குகளைப் போட்டால் போதும். வேறொன்று என்றால் இப்போது இன்ஸ்டால், ஆக்டிவேஷன், உடனே ஒரு அப்டேட், பிறகு ஒரு முழு ஸ்கேன். டேலி, பிரின்டர், டிஜிட்டல் கையெழுத்துக்கான டிஎஸ்சி டோக்கன், வங்கித் தளம் நான்கையும் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். வங்கித் தளத்தில் சான்றிதழ் எரர் வந்தால், ஆன்டிவைரஸ் எச்டிடிபிஎஸ் என்ற மறையாக்கம் செய்த இணைப்பின் நடுவில் நுழைந்து பார்ப்பது காரணமாக இருக்கலாம். அந்த ஒரு வசதியை மட்டும் ஆஃப் செய்து பார்க்கலாம். எக்ஸ்குளூஷன் பட்டியலைக் காலியாகவே தொடங்குங்கள். கிராக்கையும் ஆக்டிவேட்டரையும் இந்த முறை திரும்ப ஏற்றாதீர்கள்; ஸ்டாப் டிஜேவியூ ரான்சம்வேர் வீட்டுக் கணினிகளுக்குள் வந்ததே பெரும்பாலும் அவற்றின் முதுகில்தான்.

கடைசியாக, புது ஆள் விழித்திருக்கிறாரா என்று கிள்ளிப் பார்க்க ஐகார் சோதனைக் கோப்பு இருக்கிறது. 68 எழுத்துகள் கொண்ட, எந்தத் தீங்கும் செய்யாத ஒரு வரி. எல்லா ஆன்டிவைரஸும் அதை வைரஸ் என்று பிடிக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். ஐகார் தளத்திலிருந்து அந்த வரியை நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டி, டெஸ்க்டாப்பில் சேமியுங்கள். சில விநாடிகளில் கோப்பு காணாமல் போய் எச்சரிக்கை வந்தால் சரி. ஜிப் ஆக்கி வைத்தால் பிரிக்கும்வரை பல ஆன்டிவைரஸ் வாய் திறக்காது. அதைக் குறையாக எண்ண வேண்டாம். இதையே ஒரு பென்டிரைவில் சேமித்தும் ஒரு முறை பாருங்கள். ஜெராக்ஸ் கடையென்றால் கடை ஊழியரின் லாகினிலிருந்தே பாருங்கள், அட்மின் லாகினிலிருந்து அல்ல. அன்றாடம் பென்டிரைவ் செருகப்படுவது அந்த லாகினில்தான்.